விரல் இடுக்கில் நாலு புள்ளி

கலரக்காவுக்குப் பொறாமை என்றால் என்னவென்றே தெரியாது என்று அந்தத் தெருவே நம்பிக்கொண்டிருந்தது. அவளும்தான் நம்பிக்கொண்டிருந்தாள். எப்படி வரும், சொல்லுங்கள்? நாள் முழுக்க ஊரார் வீட்டுப் பெண்களின் முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, கன்னத்துக்கு ஒரு நிறம், உதட்டுக்கு ஒரு நிறம் என்று பூசுகிற வேலை. அவ்வளவு கிட்டத்தில் பார்த்தால் எப்பேர்ப்பட்ட அழகியும் கட்டம் கட்டமாகத்தான் தெரிவாள். கட்டத்தைப் பார்த்து யாருக்காவது வயிறு எரியுமா?

ஸ்டூடியோ என்று பெயர்தான். முன்னால் ஒரு மேசை, நடுவில் திரைச்சீலை தொங்குகிற படம் பிடிக்கும் அறை, அதற்குப் பின்னால் முதுகோடு முதுகாகப் போட்ட இரண்டு கம்ப்யூட்டர்கள். ஜன்னல் பக்கம் அவள் புருஷன். சுவர்ப் பக்கம் அவள். பின்கதவைத் திறந்தால் வீடு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஒரு கிழவரின் மீசைக்கு நரை வைத்துவிட்டுப் போய் இறக்கலாம், அவ்வளவு தூரம்தான்.

அவரைத் தெருவில் ஒட்டுக்காரர் என்பார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை ஒட்டுவதில் அவர் கெட்டிக்காரர். அப்பா ஒரு படத்தில் இருப்பார், அம்மா ஒரு படத்தில் இருப்பாள். இருவரும் சேர்ந்து நின்று ஒரு படம் இருக்காது. கொண்டுவந்து கொடுத்தால் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துவிடுவார். சண்டை போட்டுப் பேச்சு வார்த்தை இல்லாமல் செத்துப்போன அண்ணன் தம்பிகளைக்கூட ஒரே சோபாவில் உட்கார வைத்திருக்கிறார். ஆனால் நிறம் மட்டும் அவர் தொடக்கூடாது. சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். ஒருமுறை அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், அவசரம் என்று ஒருவருடைய தகப்பனாருக்கு இவரே நிறம் பூசிப் பச்சை உதட்டோடு பிரேம் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்த மனுஷன் படத்தைப் பார்த்துவிட்டு, "எங்கப்பா விஷம் குடிச்சுச் சாகலை சார்" என்றாராம். அன்றிலிருந்து வேலை இரண்டாகப் பிரிந்துவிட்டது. வெட்டுவதும் ஒட்டுவதும் அவர் பாடு. நிறமும், ஒட்டின இடத்தில் தெரிகிற ஓரஞ்சாரங்களைப் பூசி மறைப்பதும் அவள் பாடு.

முன்மேசைக்கு மேலே சுவரில் ஓர் ஆணி உண்டு. இப்போது அதில் காலண்டர் தொங்குகிறது. ஒரு காலத்தில் அங்கே அவர்கள் இருவரின் படம் தொங்கியது. கல்யாணமான முதல் வருஷம், கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்று பாதி மீந்துபோய், கெட்டுப்போகப் போகிறதே என்று எடுத்த படம். கேமராவைத் தானாக எடுக்கும்படி முடுக்கிவிட்டு ஓடிவந்தார். வந்த வேகத்தில் விளக்கு வயர் காலில் தட்டி, விழாமலிருக்க அவள் தோளை எட்டிப் பிடித்தார். அந்த நொடியில் கேமரா சொடுக்கிவிட்டது. பார்க்கிறவர்களுக்கு, ஆசையாகப் பெண்டாட்டி தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். விஷயம் அவளுக்குத் தெரியும். தெரிந்தால் என்ன, கை அவள் தோளில்தானே இருந்தது! அதற்கப்புறம் நாலு பேர் பார்க்க அவர் கை போட்டதே இல்லை. அப்படிப்பட்ட ஆள் இல்லை அவர். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசினாலே அதிசயம்.

சுவரில் ஈரம் ஏறி அந்தப் படம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போனது. "கழட்டிக் குடு, கம்ப்யூட்டர்ல ஏத்திச் சரி பண்ணித் தரேன். நீயே கலர் போட்டுக்கோ" என்றார். கழட்டிக் கொடுத்தாள். ஏற்றினார். சரிபண்ணினாரா இல்லையா என்பது அவருக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும்தான் வெளிச்சம். அவள் கேட்கும்போதெல்லாம், "கையில இருக்கிற வேலை முடியட்டும்" என்பார். கையில் இருக்கிற வேலை எந்தக் கடையில் முடிந்திருக்கிறது? காலண்டர்தான் வருஷா வருஷம் மாறியது.

இப்படி இருக்கும்போதுதான் மழை பிடித்தது. விடாமல் நசநசவென்று பெய்கிற மழை. போட்டோத் தாள் எல்லாம் ஓரம் சுருண்டுகொண்டது. குடையை மடக்காமலே கடைக்குள் நுழைந்தாள் எதிர்வரிசைத் தையல்கடைக்காரி. புருஷன் போய்ச் சில வருஷம் ஆகிறது. பஸ் டிரைவர். இவளும் மகளுமாகத் தைத்துப் பிழைக்கிறார்கள். மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணம். நல்ல நிறம், நல்ல உயரம், வாய் ஓயாது. ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டே ஒரு மணிநேரம் கதை சொல்லக்கூடியவள். கலரக்காவின் ரவிக்கைகளை எல்லாம் இப்போது அவள்தான் தைக்கிறாள்.

"அண்ணே, எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல நிறுத்தணும்ணே. பொண்ணு கேட்குது. புதுவீட்டுக்குப் போகும்போது அப்பா அம்மா படம் வேணுமாம்."

"நிறுத்திடலாம்மா. படம் இருக்கா?"

முந்தானையில் சுற்றி நனையாமல் கொண்டுவந்த இரண்டு படங்களை எடுத்து வைத்தாள். ஒன்று அவள் மட்டும், இளவயதில், இருட்டு நிற ரவிக்கையோடு நிற்கிற படம். இன்னொன்று பஸ் டிப்போவில் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது. இரண்டாம் வரிசையில் அவள் புருஷனின் தலை. முன்னால் நிற்கிற தடியன் கழுத்துக்குக் கீழே எல்லாவற்றையும் மறைத்துவிட்டான்.

"கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார் ஒட்டுக்காரர்.

"இருந்தப்பவும் மனுஷன் வீட்டுல தலையை மட்டும்தாண்ணே காட்டுவாரு. மிச்சமெல்லாம் பஸ்லதான்."

ஒட்டுக்காரர் சிரித்தார்.

சுவர்ப் பக்கம் கலரக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. சிரிக்கிறாரா? இவரா? அவள் திரும்பிப் பார்த்தாள். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே இடது பக்கம் ஒரு பல் விழுந்திருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"உடம்பு தேடணும்மா" என்றார். "ரெண்டு நாள் குடுங்க."

உடம்பு தேடுவது அந்தத் தொழிலில் வழக்கம்தான். பாதிப் பேர் அடையாள அட்டை முகத்தை மட்டும்தான் கொண்டுவருவார்கள். கம்ப்யூட்டரில் கோட்டு உடம்பு, முழுக்கைச் சட்டை உடம்பு, அரைக்கை உடம்பு என்று வைத்திருப்பார். முகத்தை எடுத்து மேலே வைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் எல்லாமே புதுக் கேமராவில் எடுத்தவை. பழைய கறுப்பு வெள்ளைத் தலைக்கு வைத்தால் துணிக்கடைப் பொம்மைமேல் தலையை வைத்த மாதிரி இருக்கும்.

இரண்டு நாள் என்றால் இரண்டு நாள் கழித்து வரவேண்டியதுதானே? மறுநாளே வந்துவிட்டாள். மழையில் கரண்ட் இல்லையாம், மெஷின் ஓடவில்லையாம், சும்மா உட்காராமல் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம். ஜெனரேட்டர் வைத்த கடை என்பதற்காக இப்படியா? படம் பிடிக்கிற அறையில் கிடந்த மூன்றாவது நாற்காலியை ஒட்டுக்காரரே எடுத்துவந்து தன் பக்கத்தில் போட்டார். பெண்டாட்டிக்கு முதுகுவலி, ஒரு தலையணை கொண்டுவாருங்கள் என்றால் காதில் விழாத மனுஷன்.

"மூக்கு இன்னும் கொஞ்சம் நீளம்ணே."

"படத்துல இவ்வளவுதான்மா இருக்கு."

"படம் எடுக்கும்போது மூச்சை இழுத்துப் புடிச்சிருப்பாரு. போட்டோன்னாலே பயம் அவருக்கு. நூறு பேரை வெச்சுப் பஸ்ஸை மலையில ஏத்துவாரு, கேமராவைக் கண்டா நடுங்குவாரு."

மறுபடி சிரிப்பு. கலரக்கா யாரோ ஒரு குழந்தையின் தொப்பிக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தாள். நீலம் வழிந்து காதுக்குப் போனது.

அதற்கடுத்த நாளும் வந்தாள். நாலாம் நாள் பன்னும் டீயும் வாங்கி வந்தாள் தையல்காரி. "அக்கா, உங்களுக்கும்தான்" என்று ஒரு பன்னைச் சுவர்ப் பக்கம் நீட்டினாள். "எனக்குப் பசிக்கலை" என்றாள் கலரக்கா. பசி காதை அடைத்தது. அந்தப் பாழாய்ப்போன காதில்தான் அப்புறம் அந்த வார்த்தை விழுந்தது.

"ஏங்க, சட்டைக் காலர் கொஞ்சம் கோணலா இருக்கில்ல?"

ஏங்க! நேற்று வரைக்கும் வாய்க்கு வாய் அண்ணே. ராத்திரியோடு ராத்திரியாக அண்ணன் எங்கே போனான்? கலரக்கா காத்திருந்து பார்த்தாள். மத்தியானம் வரைக்கும் ஒரு அண்ணே இல்லை. "இது பாருங்க", "ஏங்க", "இல்லைங்க". எழுந்து போய்க் கேட்கவும் முடியாது. என்னவென்று கேட்பது? என் புருஷனை அண்ணன் என்று கூப்பிடு என்றா?

வீட்டுக்குள் போய் மீன் வறுத்தாள். காது கடையில் இருந்தால் மீன் எப்படி வேகும்? ஒரு பக்கம் கருகிவிட்டது. தட்டில் போட்டு வைத்தாள். ஒட்டுக்காரர் கருகின பக்கம், கருகாத பக்கம் என்ற வித்தியாசம் இல்லாமல் தின்று முடித்து, கை கழுவும்போது சொன்னார்.

"அந்தம்மாவுக்கும் ஒரு துண்டு குடுத்திருக்கலாம். பன்னு தின்னுட்டு உட்கார்ந்திருக்கு."

கலரக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஏன், வாயில ஊட்டிவிட்டுட்டு வரட்டுமா?"

"என்ன இப்பிடிப் பேசுற?"

"எப்பிடிப் பேசுறேன்? என்னோட உட்கார்ந்து என்னிக்காவது இப்பிடிச் சிரிச்சிருக்கீங்களா?"

அவர் துண்டால் வாயைத் துடைத்தார். யோசித்துத்தான் பதில் சொன்னார். "நீ சிரிப்பா எதுவும் சொல்லலையே."

இதற்குமேல் ஒரு பெண்பிள்ளைக்கு என்ன வேண்டும்? கழுவ எடுத்த தட்டை அவள் வைத்த வேகத்தில் பக்கத்துப் பிரேம்கடை அண்ணன் எட்டிப் பார்த்தார். அவருக்கு வம்பு என்றால் சாப்பாடு வேண்டாம்.

"என்னம்மா, நாலு நாளா உங்க கடையில சிரிப்புச் சத்தம் ரோடு வரைக்கும் வருது? எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லேன்."

"உங்களுக்கு என்ன வேணும் இப்ப?"

"ஒண்ணும் வேணாம் தாயே. அந்தப் படத்துக்குப் பெரிய பிரேமா வெட்டிவைக்கச் சொன்னாரு உங்க வீட்டுக்காரரு. இருக்கிறதுலயே நல்ல கட்டையா பார்த்துப் போடுங்கன்னாரு. அவர் வாயால இப்பிடி ஒரு வார்த்தை நான் கேட்டதே இல்ல. அதான் ஆச்சரியமா இருந்துச்சு." சொல்லிவிட்டு ரம்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நெருப்பைப் பற்றவைக்கிறவர்கள் எப்போதும் அப்படித்தான், இருந்து குளிர்காய மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் படம் அவள் பக்கத்துக்கு வந்தது. ஒட்டி முடித்துவிட்டார், இனி நிறம்தான் பாக்கி. தையல்காரி நிறங்களைச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சேலை சந்தன நிறம், ரவிக்கை கருநீலம், அவருக்கு வெள்ளைச் சட்டை. கலரக்கா படத்தைத் திறந்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை பிரமாதம். டிரைவர் நேராக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு எங்கிருந்தோ வாங்கி வைத்த உடம்பு மாதிரியே இல்லை. பக்கத்தில் இளவயதுத் தையல்காரி. அவள் தோளில் டிரைவரின் கை.

கலரக்கா கையைப் பார்த்தாள்.

சுண்டுவிரல் கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. சின்ன வயதில் தாள் வெட்டுகிற கத்தியில் மாட்டின விரல். அந்த விரலை அவள் எண்ணெய் தடவி நீவிவிட்டிருக்கிறாள், நகம் வெட்டிவிட்டிருக்கிறாள், கோபத்தில் ஒருமுறை கடித்தும் இருக்கிறாள். சட்டையைப் பார்த்தாள். இடது பையில் பேனா. அந்தப் பேனாவை வாங்கிக் கொடுத்ததே அவள் அப்பா.

இது எந்தப் படம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆணியில் தொங்கின படம்.

"ஏங்க!"

அந்தச் சத்தத்துக்கு ஜெனரேட்டரே ஒரு தரம் விக்கியது.

"என்ன?" என்று திரும்பினார்.

"இது யார் கை?"

அவர் எழுந்து வந்து பார்த்தார். ஒளிக்கத் தெரியாத மனுஷன். "நம்ம கைதான்."

"நம்ம கையா? எனக்கு எங்கே இதுல கை? என் கழுத்தை வெட்டிட்டு அவ கழுத்தை வெச்சிருக்கீங்க, நம்ம கையாம்!"

"கத்தாத. வேற உடம்பு சேரலை. பார்த்துட்டேன், எல்லாம் பார்த்துட்டேன். பழைய படத்துக்குப் பழைய படம்தான் ஒட்டும். அந்தச் சொரசொரப்பு இருக்கு பாரு, அது புதுப் படத்துல வராது. வெளிச்சமும் இடப்பக்கத்துலேர்ந்து வரணும். நம்ம படத்துலதான் அப்பிடி இருந்துச்சு."

"இத்தனை வருஷமா கேட்டேனே, என் படத்தை எடுத்துச் சரிபண்ணிக் குடுங்கன்னு. எனக்குன்னா நேரம் இல்ல. அவளுக்குன்னா வெள்ளையைக்கூட எடுத்திருக்கீங்க. ஒரு பூப்பு இல்லாம பளிச்சுனு இருக்கு!"

"வேலைன்னு வந்துச்சு, எடுத்தேன்."

"நான் வேலையில்லையா அப்ப? என் இடத்துல அவளை நிக்க வெச்சிட்டு என்கிட்டயே கலர் போடக் குடுக்கிறீங்களே, கை கூசலையா உங்களுக்கு?"

"உன்னை அழிக்கலையே" என்றார் அவர், சமாதானம் சொல்கிற குரலில். "கம்ப்யூட்டர்ல அந்தம்மா படத்துக்கு அடியில அப்பிடியேதான் இருக்கே. மறைச்சுதான் வெச்சிருக்கேன்."

மறைத்து வைத்திருக்கிறாராம்! வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் மூஞ்சியில் கையிலிருந்ததை வீசியிருப்பாள். கையில் மவுஸ்தான் இருந்தது. அதற்கு வயர் வேறு.

ராத்திரி அவருக்கு வெறும் சோறும் மோரும்தான். அவர் அதையும் கவனிக்காமல் சாப்பிட்டார். அதுதான் இன்னும் எரிந்தது.

படத்துக்கு நிறம் போடமாட்டேன் என்றுதான் நினைத்தாள். அப்புறம், போட்டு நாசம் பண்ணிவிட்டால் என்ன என்று தோன்றியது. மறுநாள் காலையில் உட்கார்ந்தாள். தையல்காரிக்குச் சேற்றுநிறச் சேலை கொடுக்கலாம், முகத்தில் மஞ்சள் காமாலையை ஏற்றலாம். யார் கேட்பது? ஆனால் இத்தனை வருஷம் பழகின கை, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பாழ்பண்ணப் பாழ்பண்ண அதுவே திருத்திக்கொண்டது. சந்தனம் சந்தனமாகவே வந்தது. கன்னம் நிஜக் கன்னமாகவே வந்தது. சனியனே, நன்றாக இரு என்று போட்டு முடித்தாள். ஒரே ஓர் இடத்தை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை. அந்தத் தோள். அங்கே வரும்போது கண்ணை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, கைக்கு ஒரு இழுப்பு, ரவிக்கைக்கு ஒரு இழுப்பு என்று நிறத்தை இழுத்துவிட்டாள். வழக்கமாக அந்த ஓரஞ்சாரங்களில்தான் அவள் அதிக நேரம் உட்காருவாள்.

படம் பெரிதாகப் பிரின்டாகி, நல்ல கட்டையில் பிரேமாகிப் போனது. தையல்காரி வாங்கிக்கொள்ள வந்தபோது கலரக்கா வீட்டுக்குள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

மறுநாள் மத்தியானம் ஒட்டுக்காரர் தாள் வாங்கப் போயிருந்தார். மழை கொஞ்சம் விட்டிருந்தது. தையல்காரி பிரேமைப் பாலிதீன் பையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அவர் இல்ல" என்றாள் கலரக்கா, நிமிராமலே.

"உங்களைப் பார்க்கத்தான்கா வந்தேன்."

உட்காரச் சொல்லவில்லை. அவளே மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து பிரேமை மடியில் வைத்துக்கொண்டாள். பாலிதீனை மெதுவாகப் பிரித்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்பேன், தப்பா நினைக்கக் கூடாது. எம்புருஷன் ஒருநாள்கூட என் தோள்ல கை போட்டதில்ல. ரோட்டுல நடந்தா பத்தடி முன்னால போவாரு. நான் பின்னால ஓடணும், எதிர்ல வர்றவங்க எங்க ரெண்டு பேரையும் வேற வேற ஆளுன்னுதான் நினைப்பாங்க. முதல்ல படத்தைப் பார்த்ததும் கையை எடுத்துடச் சொல்லலாம்னுதான் இருந்தேன். இது நம்ம மனுஷன் பண்ற காரியமில்லையேன்னு."

கலரக்கா இப்போது திரும்பினாள். "அப்புறம் ஏன் சொல்லலை?"

"பொண்ணு பார்த்துடுச்சே. பார்த்துட்டு, 'ஏம்மா, அப்பா இப்பிடியெல்லாமா இருந்தாரு?'ன்னு கேட்டுது. நான்..." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "ஆமாடி, கல்யாணமான புதுசுல அப்பிடித்தான், கையை எடுக்கவே மாட்டாருன்னுட்டேன். போற இடத்துல அது நல்ல நினைப்போட போகட்டுமேன்னு. அப்பா அம்மா ஆசையா இருந்தாங்கன்னு நினைச்சா, அதுக்கும் ஒரு தெம்பு இல்லையா?"

கலரக்கா மவுஸைக் கீழே வைத்தாள். கோபம் இருந்த இடத்திலேயேதான் இருந்தது, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

"ஆனா அக்கா, அதுவும் தையல்காரிதானே. ராத்திரி படத்தையே பார்த்துட்டிருந்துட்டுக் கேட்குது, 'ஏம்மா, உன் ரவிக்கை பிளெய்ன்தானே, தோள்ல மட்டும் ஏன் புள்ளி இருக்கு?'ன்னு." பிரேமைத் திருப்பிக் காட்டினாள். "விரல் இடுக்குல பாருங்க. நாலு புள்ளி. இது நான் தைச்ச ரவிக்கைக்கா, என் கல்யாணத்துக்கு நானே தைச்சது. புள்ளி கிடையாது. அதை மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க. ஒண்ணு பொய்னு தெரிஞ்சா எல்லாம் பொய்னு தோணிடும் பொண்ணுக்கு. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."

போய்விட்டாள். கலரக்கா படத்தைத் திறந்து, இத்தனை நாள் கண்ணைத் திருப்பிக்கொண்டிருந்த அந்த இடத்துக்குப் போய்ப் பெரிதாக்கினாள். வளைந்த சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் இரண்டு. அதற்கடுத்த இடுக்கில் ஒன்று. கட்டைவிரல் ஓரத்தில் பாதி மறைந்து ஒன்று. அவள் இழுத்துவிட்ட நீலத்துக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன.

அவளுடைய ரவிக்கை. அரக்கு நிறத்தில் மஞ்சள் புள்ளி. கல்யாணமான வருஷம் வாங்கினது.

ஒட்டுக்காரர் தாள் கட்டோடு வந்து நுழைந்தார். அவள் திரையைக் காட்டினாள்.

"இதை ஏன் எடுக்கலை?"

குனிந்து பார்த்தார். "எடுத்துப் பார்த்தேன். முதல்ல கையை மட்டும்தான் வெட்டி அந்தம்மா தோள்ல வெச்சேன். நிக்கலை."

"நிக்கலைன்னா?"

"காத்துல மிதக்கிற மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு விழப்போனேன் இல்ல, கெட்டியாப் புடிச்சிருக்கேன். விரல் உன் தோள்ல அமுங்கியிருக்கு, துணி அங்க மடிஞ்சு நிழல் விழுந்திருக்கு. தோளை விட்டுட்டுக் கையை மட்டும் எடுத்தா அது கையாவே இல்ல, கையுறை மாதிரி இருக்கு. நாலு தரம் பார்த்தேன். கடைசியில உன் தோள்லயும் கொஞ்சம் சேர்த்துத்தான் எடுக்க வேண்டியதாப் போச்சு. புள்ளியை நீ மூடிடுவேன்னு நினைச்சேன். எப்பவும் மூடுவியே."

அவர் தன் இடத்தில் போய் உட்கார்ந்து தாள்கட்டைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டார்.

கலரக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் பார்க்கப்போகிற அந்தப் படத்தில் முகம் தையல்காரியுடையது, சேலை அவளுடையது, புருஷன் என்று பெயரும் அவளுடையதுதான். ஆனால் அந்தக் கை இருக்கிற இடம், விரல் அமுங்கின அந்த நாலு விரற்கடை இடம், இவளுடையது. அதை எடுத்தால் கை நிற்காதாம்! அட கடவுளே, இதைக் கேட்கத்தானா இத்தனை நாள் வயிறு எரிந்தது?

மூடுவதற்கு இரண்டு நிமிஷம் போதும். மவுஸை எடுத்தாள், முதல் புள்ளிமேல் கொண்டுபோய் வைத்தாள். கை நகரவில்லை. என்ன ஆனாலும் அந்த இடத்தை அவள் தன் கையால் அழிக்கப்போவதில்லை. யாருக்காகவும். அந்தப் பெண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் என்றாலும் சரி.

பின்னே என்ன செய்வது? கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு அந்த நாலில் நல்ல புள்ளியாக ஒன்றைப் பிரதி எடுத்து, தையல்காரியின் ரவிக்கையில் கொண்டுபோய் ஒட்டினாள். பக்கத்தில் இன்னொன்று. முழங்கை வரைக்கும், கழுத்து வரைக்கும், முந்தானைக்கு அடியில் மறைகிற இடம் வரைக்கும், மடிப்பு வருகிற இடத்தில் பாதிப் புள்ளி, நிழல் விழுகிற இடத்தில் மங்கல் புள்ளி என்று, தைக்கிறவள் பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாதபடி வைத்துக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் மஞ்சள் போட்டாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. வழியட்டும்.

சாயங்காலம் தையல்காரி வந்தாள். மாற்றின படத்தைப் பிரேம்கடை அண்ணன் மறுபடி கண்ணாடி போட்டுத் துடைத்துக் கொடுத்திருந்தார். அவள் கையில் வாங்கிப் பார்த்தாள். விரலால் கண்ணாடிமேல் தன் ரவிக்கையைத் தடவினாள்.

"புள்ளி இல்லைக்கா இதுல" என்றாள் மெதுவாக. "நானே தைச்சது."

"இருந்துச்சு" என்றாள் கலரக்கா. "படம் மங்கினதுல உங்களுக்குத் தெரியல. பெரிசாக்கிப் பார்த்தாத்தான் தெரியும்."

தையல்காரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே, ஜன்னல் பக்கம் மவுஸைப் பிடித்துக்கொண்டிருந்த கையைப் பார்த்தாள். அந்தக் கையின் பக்கத்தில்தான் அவள் நாலு நாள் உட்கார்ந்திருந்தாள். மறுபடி படத்திலிருந்த சுண்டுவிரலைப் பார்த்தாள்.

"நான் ஒரு மடச்சி" என்றாள். "இந்த விரலையே பார்த்துக்கிட்டுத்தானே உட்கார்ந்திருந்தேன். நேத்துத் தோணலையே எனக்கு."

கலரக்கா மேசைமேல் இல்லாத தூசியைத் தட்டினாள்.

"கோபமாக்கா?"

"கோபமா? பத்திக்கிட்டு எரியுது" என்றாள் கலரக்கா. சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "நீ வந்து உட்கார்ந்த நாள்லேர்ந்து எரியுது. அண்ணேன்னு கூப்பிட்டுக்கிட்டிருந்தவ ஏங்கன்னு ஆரம்பிச்சியே, அன்னிக்கு மீனே கருகிப்போச்சு."

தையல்காரி அழப்போகிறாள் என்றுதான் நினைத்தாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள்.

"ஐயோ அக்கா! ஏங்கன்னா கூப்பிட்டேன்? எனக்கே தெரியாது. அவர் பாட்டுக்கு உம்முனு உட்கார்ந்து வேலை பார்க்கிறாரா, பக்கத்துல நான் பேசிக்கிட்டே இருக்கேனா, எங்க வீட்டுலயே இருக்கிற மாதிரி ஆயிடுச்சு. எம்புருஷனும் இப்பிடித்தான், நூறு வார்த்தைக்கு ஒரு சிரிப்பு." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிரேமைப் பையில் போட்டு, வாயைச் சுருட்டிக் கட்டினாள். வாசலில் குடையை விரித்துக்கொண்டு திரும்பினாள். "நீங்க எரியறதைப் பார்த்தா எனக்குத்தான்கா பொறாமையா இருக்கு. எனக்கு எரியறதுக்குக்கூட ஒரு கை இருந்ததில்ல."

தெருவைத் தாண்டி அவள் கடைக்குள் போகிற வரைக்கும் கலரக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். கொஞ்சம் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

உள்ளே வந்து காலண்டரை ஆணியிலிருந்து கழட்டினாள்.

"என்ன, தேதி பார்க்கணுமா?" என்றார் ஒட்டுக்காரர்.

"இனிமே எவன் தலை வந்தாலும் உங்க உடம்பைக் குடுக்கக் கூடாது. பிரேம்கடை அண்ணன் உடம்பு சும்மாத்தானே இருக்கு, அதைப் போடுங்க."

"அவருக்குத் தொப்பைம்மா."

"நல்லாச் சாப்பிட்ட மனுஷன்னு நினைச்சுக்குவாங்க." மூன்றாவது நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "மறைச்சு வெச்சிருக்கேன்னீங்களே, எடுங்க அதை."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கையில் வேலை இருக்கிறது என்றுதான் இருக்கும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டார். இரண்டு தட்டு தட்டினார். தையல்காரி போய்விட்டாள், டிரைவரின் தலை போய்விட்டது. ஒல்லியாக, பயந்த முழியோடு, விழப்போகிறவன் முகத்தோடு அவர் நின்றார். பக்கத்தில், என்ன நடக்கிறது என்றே தெரியாமல் சிரித்துக்கொண்டு அவள்.

படத்தை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் போனாள். எந்தப் படமானாலும் முகத்தில்தான் ஆரம்பிப்பது அவள் வழக்கம். அன்று கையில் ஆரம்பித்தாள்.